காட்டேரிக் காதலும் பத்துப் பொருத்தமும்

போன இதழ் பதில் ஒன்றில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இளையோருக்காக ஆங்கிலத்தில் வரும் அமானுஷ்யக் காதல் நாவல்களையும் விஞ்ஞானக் காதல் நாவல்களையும் பல வருடமாக விடாமல் படிக்கிறேன் என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மாதம் பாதிக்கு மேல் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்தத் தடவை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டேன்.

கே: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர் நீங்கள். இந்தக் கதைகளுக்குள் எப்படிப் போனீர்கள்?
— ஒரு வாசகர், வில்லியனூர்

ப: தானே புயல்தான் காரணம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. அரையாண்டு லீவுக்கு என் அக்கா மகள் புதுச்சேரியிலிருந்து மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்போது பிளஸ் ஒன். வாசலில் நின்ற வேப்பமரம் தெருவை மறித்துக்கொண்டு விழுந்து கிடந்தது. கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. எங்கள் தெருவுக்குப் பொங்கல் கழித்துத்தான் கரண்ட் வந்தது. பகலெல்லாம் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நிற்போம். ராத்திரி ஏழு மணிக்கு மேல் செய்ய ஒன்றும் இருக்காது.

அவள் பையில் ஸ்டெஃபனி மேயரின் 'ட்விலைட்' இருந்தது. 2005-ல் வந்த நாவல், காட்டேரிப் பையன் ஒருவனைக் காதலிக்கும் பெண்ணின் கதை. மண்ணெண்ணெய் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு அத்தியாயம் அவள் படிப்பாள், அடுத்தது நான். மூன்றாம் நாள் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. இருட்டில் படுத்தபடி, "மிச்சக் கதையை வாயாலயாவது சொல்லுடி" என்று நான்தான் கெஞ்சினேன். "அதெல்லாம் முடியாது சித்தி, நீங்களே படிங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். விடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து புத்தகத்தை முடித்துவிட்டுத்தான் குடத்தைத் தூக்கினேன்.

அந்த நாவலில் எனக்குப் பிடிக்காதது நிறைய உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் ஏறக்குறைய ஐந்நூறு பக்கத்துக்குப் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் மனசு மட்டுமே ஓடுகிறது. நடுவில் எந்தப் பெரியவரும் வந்து 'வயசுக் கோளாறு' என்று சொல்லவில்லை. நான் வளர்ந்த வீட்டில் அந்த வயதில் எனக்கு வந்த சந்தோஷம், அழுகை, கோபம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான் இருந்தது. முப்பது வயதில், புயலுக்கு நடுவில், அந்தப் பெயர் இல்லாத ஒரு கதையை முதல்முறையாகப் படித்தேன்.

கே: பதினொன்றாவது படிக்கும் என் மகள், ரத்தம் குடிக்கும் பையனை ஒரு பெண் காதலிக்கும் கதைகளை ராத்திரியெல்லாம் படிக்கிறாள். பிடுங்கி வைத்துவிடலாமா?
— ஒரு அம்மா, நெல்லிக்குப்பம்

ப: வேண்டாம்மா. பிடுங்கினால் உங்களுக்குத் தெரியாமல் போனில் படிப்பாள். அப்புறம் அந்தக் கதையைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அந்த இழப்பு பெரிது.

அவளைக் கதை சொல்லச் சொல்லுங்கள். கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது கேளுங்கள். நடுநடுவே இரண்டு கேள்வி போதும். "அவன் அவளைக் கேட்டுட்டுத்தான் செஞ்சானா?" "அவளுக்கு அது பிடிச்சிருந்துதா?"

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஒரு பையன் தினமும் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவள் தெருமுனை வரை பின்னாலேயே வந்தான். "என்னைப் பத்திரமா வீட்டுல விடத்தான் வரான் மிஸ்" என்றாள். அவள் அந்த வார்த்தைகளை எங்கே எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். 'ட்விலைட்' நாயகன் எட்வர்ட், பெல்லாவுக்குத் தெரியாமலே ராத்திரி அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கதை அதைக் காதல் என்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்து, "உன் ஜன்னல்கிட்ட இந்தப் பையன் நின்னா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "புக்ல அவன் நல்லவன்னு எழுதினவங்களே சொல்லிட்டாங்க மிஸ். இவனுக்கு யார் சொல்லுவா?"

இத்தனை வருட ஆசிரியர் வேலையில் என் மாணவி ஒருத்தி செய்த மிகச் சரியான இலக்கிய விமர்சனம் அதுதான். அன்று சாயங்காலமே அவள் தன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள், பையன் வருவது நின்றது. அவளை அந்த ஆபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் ஒரு புத்தகம்தான், உட்கார்ந்து பேச வைத்ததும் அதே புத்தகம்தான். புத்தகத்தைப் பிடுங்கியிருந்தால் இரண்டாவது நடந்திருக்காது.

கே: எட்வர்டுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறதே, அது தப்பில்லையா மிஸ்? நீங்கள் எட்வர்ட் பக்கமா, ஜேக்கப் பக்கமா?
— பிளஸ் டூ மாணவி, முதலியார்பேட்டை

ப: உன் கணக்கு சரிதான் கண்ணு. அவன் பிறந்தது 1901. 1918-ல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது காட்டேரி ஆக்கப்படுகிறான். உடம்பு பதினேழிலேயே நின்றுவிட்டது. மனசும் அங்கேயே நின்றுவிட்டது என்று கதாசிரியர் நம்மை ஏற்கச் சொல்கிறார். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. இத்தனை வருடத்தில் பியானோ படித்திருக்கிறான், மருத்துவம் படித்திருக்கிறான், ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டுச் செய்ய மட்டும் படிக்கவில்லை. மூன்றாம் பாகத்தில், தன்னைக் காதலிக்கும் இன்னொருவனான ஜேக்கப்பைப் பெல்லா பார்க்கப் போகக் கூடாது என்று அவள் வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தையே கழற்றிவிடுகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தவள், இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பத் தொட்டேன்.

சரி, ஜேக்கப் நல்லவனா? அதே பாகத்தில் அவள் வேண்டாம் என்கிறபோது வலுக்கட்டாயமாக முத்தம் கொடுக்கிறான். அவள் விட்ட குத்தில் அவள் கைதான் உடைகிறது, அவன் ஓநாய் மனிதன் என்பதால். நான் அந்த உடைந்த கையின் பக்கம்.

இரண்டாம் பாகத்தில் ஒரு இடத்துக்காக மட்டும் ஸ்டெஃபனி மேயருக்கு எப்போதும் நன்றி சொல்வேன். எட்வர்ட் விட்டுவிட்டுப் போன பிறகு, அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். மற்றபடி காலிப் பக்கம். என் அம்மா இறந்த வருடம் எனக்கு அப்படித்தான் இருந்தது. அந்த மாதங்களைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, பெயர் மட்டும்தான் ஞாபகம்.

கே: இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. நம் மரபில் இல்லாத ஒன்றை ஏன் பிள்ளைகள் தலையில் கட்டுகிறீர்கள்?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

ப: ஐயா, நீங்கள் எனக்கு மூத்தவர். ஆனாலும் இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நம் மரபில் இல்லை என்றா சொல்கிறீர்கள்?

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். இளம்பெண். இளவரசன் உதயகுமரன் விடாமல் பின்தொடர்கிறான். தூங்கும்போது ஒரு தெய்வம் அவளைத் தூக்கிப்போய் மணிபல்லவத் தீவில் வைக்கிறது. போன பிறவியில் அவளுக்கு அவன் கணவன் என்று அங்கேதான் தெரிய வருகிறது. திரும்பி வந்தவள் அவனிடமிருந்து தப்ப, காயசண்டிகை என்ற இன்னொரு பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவிதான் இளவரசனோடு பேசுகிறாள் என்று நினைத்து அவனை வெட்டிவிடுகிறான். மணிமேகலை அழுதுகொண்டு ஓடுகிறபோது தூணில் இருக்கும் பாவை வாய் திறந்து பேசித் தடுக்கிறது. உருமாற்றம், மறுபிறவி, பேசும் சிலை, வேண்டாம் என்றும் விலக முடியாத காதல், எல்லாமே இருக்கிறது. அதுவும் எங்கே? நம் கடற்கரையிலேயே கொஞ்சம் தெற்கே, பூம்புகாரில்.

இன்னொன்று. ஸ்டெஃபனி மேயரே 2008-ல் 'தி ஹோஸ்ட்' என்று ஒரு விஞ்ஞானக் காதல் நாவல் எழுதினார். வேறு கிரகத்து உயிர் ஒன்றை மெலனி என்ற பெண்ணின் உடம்பில் வைக்கிறார்கள். மெலனி உள்ளே சாகாமல் இருக்கிறாள். அவள் காதலித்தவனைப் பார்த்ததும் வந்து குடியேறிய உயிருக்கும் நெஞ்சு பதறுகிறது. அந்தக் காதல் யாருடையது, உடம்பினுடையதா, உயிரினுடையதா? படிக்கும்போது எனக்குப் பெரியபுராணத்துத் திருமூலர்தான் நினைவுக்கு வந்தார். இறந்துபோன இடையன் மூலனின் உடம்பில் யோகி புகுந்துகொள்கிறார். மாடுகள் வீடு திரும்புகின்றன. இருட்டின பிறகும் கணவனைக் காணாமல் தேடி வந்த மனைவி கையைப் பிடிக்கப் போக, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகுகிறார். கண்ணெதிரே நிற்பது அதே முகம், அதே கை, ஆனால் ஆள் வேறு. அந்த ராத்திரியை அவள் பக்கமிருந்து சொல்கிற ஒரு நாவலைப் படிக்க வேண்டும் என்று நான் ஏங்குகிறேன்.

காரைக்கால் அம்மையாரை நான் சொல்ல வேண்டியதே இல்லை. மாங்கனி அற்புதத்தைப் பார்த்து மிரண்டுபோன கணவன் விட்டுவிட்டுப் போகிறான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று உடம்பை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அவனுக்கு வேறு கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தையும் பிறந்து, அதற்கு இவர் பெயரையே வைத்தான் என்று தெரிந்த பிறகு. காதல், அமானுஷ்யம், ஒரு பெண் தானே எடுத்த முடிவு. நீங்கள் பாடம் நடத்தியிருப்பீர்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிப்பதை விட்டுவிடச் சொல்லாமல், ஒரு நாள் இதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்களுக்குச் சொல்லுங்கள் ஐயா. நானும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறேன்.

கே: எனக்குப் பேய், ஓநாய் எல்லாம் ஒத்து வராது. விஞ்ஞானக் காதல் நாவல் என்றால் எதில் தொடங்கலாம்?
— வங்கி ஊழியர், ரெட்டியார்பாளையம்

ப: ஆலி காண்டி எழுதிய 'மேட்ச்ட்', 2010. நம் ஊர்க்காரர்களுக்கு அதைவிட நெருக்கமான கதை இந்த வகையில் வேறு கிடையாது என்று நினைக்கிறேன்.

அதில் வரும் சமூகத்தில் யாருக்கு யார் என்பதை அதிகாரிகள் தகவல்களை அலசி முடிவு செய்துவிடுகிறார்கள். பதினேழு வயதில் ஒரு விருந்து. திரையில் உன் ஜோடியின் முகம் வரும். காஸியா என்ற பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து பழகிய சாண்டரின் முகம் வருகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டில் வந்து அவனுடைய விவர அட்டையைப் போட்டுப் பார்க்கும்போது ஒரு விநாடி கை என்ற இன்னொரு பையனின் முகம் வந்து மறைகிறது. அவ்வளவுதான், அந்த ஒரு விநாடியில் கதை கிளம்புகிறது.

எங்கள் வீட்டில் என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அப்பா பண்ருட்டிக்கும் விழுப்புரத்துக்கும் எத்தனை முறை போயிருப்பார்! தினப் பொருத்தம் இருக்கிறது, ரஜ்ஜு இல்லை. ரஜ்ஜு இருக்கிறது, வசியம் இல்லை. கூடத்தில் இந்தப் பேச்சு நடக்கும்போது நான் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். காஸியாவின் சமூகத்தில் கொடூரமான வில்லன் யாரும் இல்லை. எல்லோரும் அன்பானவர்கள். அவள் நல்லதற்குத்தான் செய்கிறார்கள். அதனால்தான் எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. இதை எழுதியவர் அமெரிக்கர். ஆனால் மஞ்சக்குப்பத்துச் சமையலறையில் நின்ற என்னைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

இன்னொரு நுணுக்கம்: அந்தச் சமூகத்தில் நூறு கவிதைகளைத் தவிர மற்றதை அழித்துவிட்டார்கள். கையால் எழுதவும் யாருக்கும் தெரியாது. அந்த இன்னொரு பையன்தான் அவளுக்கு மண்ணில் எழுத்து எழுதக் கற்றுக் கொடுக்கிறான். அந்தக் காதல் காட்சியில் தொடுவதைவிட எழுதுவதுதான் அதிகம். எழுத்து சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிற எனக்கு அந்தப் பக்கங்களில் கண் கலங்கியது.

பிடித்திருந்தால் அடுத்து லாரன் ஆலிவரின் 'டெலிரியம்', 2011. காதல் ஒரு நோய், பதினெட்டு வயதில் அறுவை சிகிச்சை செய்து அதைக் குணமாக்கிவிடலாம் என்ற உலகம். கருத்து பிரமாதம், நடுப்பகுதி கொஞ்சம் இழுக்கும். அதற்கப்புறம் மரிஸா மேயரின் 'சிண்டர்', 2012. சிண்ட்ரெல்லா கதைதான், ஆனால் இவள் மெக்கானிக். உடம்பில் 36.28 சதவீதம் இயந்திரம். சித்தி கொடுமை, இளவரசன், விருந்து எல்லாம் உண்டு. அவள் படிக்கட்டில் விட்டுவிட்டு ஓடுவது செருப்பை அல்ல, காலையே. ரெஞ்ச் பிடிக்கும் அந்த கிரீஸ் கையை எப்படி மறைப்பது என்று அவள் படும் பாடு, கை நிறைய சாக்பீஸ் தூளோடு கல்யாண வீட்டுக்கு ஓடியிருக்கிற எனக்குப் புரிகிறது.

இந்த மூன்றிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். கதைக்குள் ஒரு விசித்திர விதி இருக்கும். அந்த விதி காதலிடமிருந்து உண்மையான விலை கேட்கிறதா? அந்த விலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று அந்தப் பெண்ணே முடிவு செய்கிறாளா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் எனக்கு அது நல்ல நாவல். இல்லையென்றால் அட்டைப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதியில் வைத்துவிடுவேன்.

கே: எல்லாவற்றிலும் ஒரு பெண், இரண்டு பையன்கள். சலிக்கவில்லையா?
— கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

ப: சலிக்கிறது. இரண்டு பையன்களும் இரண்டு வாழ்க்கைகளாக இருந்தால் பொறுத்துக்கொள்வேன். ஒருவனுக்குக் கறுப்பு முடி, இன்னொருவனுக்குப் பொன் முடி என்பது மட்டும்தான் வித்தியாசம் என்றால் தாங்காது.

கே: 'டைவர்ஜென்ட்' வரிசையின் மூன்றாம் பாகத்தில் நாயகியைச் சாகடித்துவிட்டார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. இது வாசகரை ஏமாற்றுவது இல்லையா?
— ஒரு வாசகி, சிதம்பரம்

ப: நானும் அழுதேன். ஆனால் வெரோனிகா ராத் ஏமாற்றவில்லை. முதல் இரண்டு பாகமும் நாயகி ட்ரிஸ் சொல்கிற கதை. 2013-ல் வந்த மூன்றாம் பாகத்தில் முதல்முறையாக அவள் காதலனும் கதை சொல்ல ஆரம்பிக்கிறான். இன்னொரு குரல் எதற்கு என்று அங்கேயே நமக்கு வயிற்றைப் பிசைந்திருக்க வேண்டும். முதல் பாகத்திலிருந்து அவள் எப்படிப்பட்டவளோ அதன்படிதான் கடைசி முடிவையும் எடுக்கிறாள். சாப்பிடுங்கள். பிறகு ஒரு மாதம் கழித்து அந்தப் பாகத்தை மட்டும் திரும்பப் படியுங்கள்.

கே: இந்திய இளவரசன் வெள்ளைப் புலியாக மாறும் 'டைகர்ஸ் கர்ஸ்' பற்றி உங்கள் கருத்து?
— ஒரு வாசகர், பண்ருட்டி

ப: கோலீன் ஹூக் எழுதியது. அமெரிக்கப் பெண் ஒருத்தி சர்க்கஸில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே இருக்கும் புலியோடு இந்தியா வருகிறாள். சாபத்தால் புலியான இளவரசன் நாளுக்கு 24 நிமிடம் மட்டும் மனிதனாக இருக்க முடியும். அந்த 24 நிமிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. காதலிப்பவனோடு பேச அவ்வளவுதான் நேரம் என்றால் எதைப் பேசுவாய், எதை விடுவாய்!

ஆனால் அதில் வரும் இந்தியா எனக்கு அந்நியமாக இருந்தது. காடு, கோயில், அரண்மனை, பட்டு. நடுவில் ஒரு டீக்கடை இல்லை, ஒரு பக்கத்து வீட்டு அக்கா இல்லை. துர்க்கை கோயிலுக்குப் போகிறார்கள். அங்கே சூடம் வாசனை எனக்கு வரவில்லை.

கே: புது விலைக்கு வாங்க முடியவில்லை. எங்கே கிடைக்கும்?
— நர்சிங் மாணவி, கடலூர் முதுநகர்

ப: ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் கூடும் சண்டே மார்க்கெட்டுக்குப் போ. துணிக்கடைகளுக்கு நடுவே பழைய புத்தகம் பரப்பியிருப்பார்கள். காலையில் சீக்கிரம் போக வேண்டும். தொடர் நாவல் என்றால் முதல் பாகம் கிடைக்காமல் மூன்றாம் பாகம்தான் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள். என்னிடம் 'சிண்டர்' இரண்டு பிரதி இருக்கிறது. இதழ் முகவரிக்கு உன் கல்லூரி விவரத்தோடு எழுது, ஒன்று அனுப்புகிறேன்.

கே: எனக்கும் இப்படி ஒரு கதை எழுத ஆசை. ஆனால் நம் ஊர் வெயிலில் காட்டேரி எப்படி நடமாடும்? பனியே பெய்யாத இடத்தில் ஓநாய் எங்கே வரும்?
— பிளஸ் ஒன் மாணவி, தேவனாம்பட்டினம்

ப: கண்ணு, நீ கேட்டதில்தான் பதிலும் இருக்கிறது. 'ட்விலைட்' ஏன் ஃபோர்க்ஸ் என்ற மழை ஊரில் நடக்கிறது? வெயில் பட்டால் அந்தக் காட்டேரிகளின் தோல் மின்னும், மனிதர்களுக்குத் தெரிந்துவிடும், அதனால். மேகி ஸ்டீஃப்வாட்டரின் 'ஷிவர்' என்று 2009-ல் ஒரு நாவல் வந்தது. அதில் ஒருவன் குளிர் வந்தால் ஓநாய், சூடு வந்தால் மனிதன். கதை நடப்பது மின்னசோட்டாவில், குளிர் எலும்பைத் துளைக்கும் இடம். வருடா வருடம் அவன் மனிதனாக இருக்கும் நாட்கள் குறைந்துகொண்டே போகும். அந்த எழுத்தாளர்கள் இரண்டு பேரும் கதை நடக்கும் ஊரின் வானிலையை எடுத்துக் காதலுக்கு விதி ஆக்கிவிட்டார்கள்.

உன் ஊரில் என்ன இருக்கிறது பார். வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடந்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் திடீரென்று இரு கரையும் தொட்டு ஓடும் கெடிலம் இருக்கிறது. உப்பனாற்றில் ஏறி இறங்கும் கடல் தண்ணீர் இருக்கிறது. மாசி மகத்தன்று சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு உன் வீட்டு வாசல் வழியாகத்தானே கடலுக்குப் போகும்? கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிற நாட்களில் மட்டும் கரைக்கு வர முடிந்த ஒருத்தன் இருக்கிறான் என்று வைத்துக்கொள். மழை பொய்த்த வருடம் அவள் என்ன செய்வாள்? வெள்ளம் வந்து ஊரே தவிக்கிற வருடம் அவளுக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தால், அதை யாரிடம் சொல்வாள்?

இது என் ஊகம்தான், உன் விதி வேறாக இருக்கட்டும். ஆனால் முதல் பத்துப் பக்கத்துக்குள் அதை வாசகருக்குச் சொல்லிவிடு, நடுவில் மாற்றாதே. அவளுடைய அம்மாவை மறந்துவிடாதே. இந்த நாவல்களில் பெரும்பாலும் அம்மாக்கள் வேறு ஊரில் இருப்பார்கள், இல்லை என்றால் செத்துப்போயிருப்பார்கள். உன் கதையில் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும், மகள் தலையில் ஆற்று மணல் எப்படி வந்தது என்று எண்ணெய் வைக்கும்போது கேட்கட்டும். எழுதி முடித்ததும் முதல் அத்தியாயத்தை அனுப்பு. என் அக்கா மகளுக்கு இப்போது கல்யாணமாகி அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு பேருமாகப் படிக்கிறோம்.